தென்னூரில் காணாமல் போன என் குப்பை மேடு குறித்து

அனுப்புநர்:
அ. பெலிண்டா,
த/பெ. அருள்நாதன்,
இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு (சுற்றுச்சூழல் அறிவியல்),
தென்னூர், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
கோட்டத் துப்புரவு அலுவலர் அவர்கள்,
கோட்ட அலுவலகம், திருச்சிராப்பள்ளி.

பொருள்: தென்னூர் செக்கடிச் சந்தில் இருந்த குப்பை மேடு, எடமலைப்பட்டி புதூர் அங்கன்வாடிக்குப் பக்கத்தில் இறக்கப்பட்டிருப்பது – உடனே அகற்ற வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் கடிதம், நாள் 03.02.2025.
2. என் கைப்பேசிக்கு வந்த தங்கள் அலுவலகக் குறுஞ்செய்தி, நாள் 07.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

திங்கட்கிழமை குறைதீர் மனுக்களுக்கே தங்களுக்கு நேரம் போதாது என்பது தெரியும். வியாழக்கிழமையும் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவதற்கு மன்னிக்கவும். தங்கள் அலுவலகம் அளவுக்கு மீறிய வேகத்தில் வேலை செய்துவிட்டது என்பதுதான் என் குறை. இப்படி ஒரு குறையோடு இதற்கு முன் யாரும் தங்களிடம் வந்திருக்க மாட்டார்கள்.

1. எங்கள் பட்டப்படிப்பின் ஆறாம் பருவத்தில் ஆளுக்கு ஓர் ஆய்வுத்திட்டம் செய்ய வேண்டும். யாருக்கு எந்த இடம் என்பதைத் துறையில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். என் தோழி அறிவுமதிக்கு ஸ்ரீரங்கத்து மாலைக் கழிவு வந்தது. அவள் நோட்டுப் புத்தகம்கூடத் துளசி வாசம் அடிக்கும். எனக்கு வந்தது செக்கடிச் சந்துக் குப்பை மேடு. என் நோட்டைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

2. பன்னிரண்டு வாரம், வாரம் ஒரு முறை, மேட்டை ஒன்பது கட்டமாகப் பிரித்து, எதில் எவ்வளவு மட்கும் குப்பை, எவ்வளவு பிளாஸ்டிக், உள்ளே எவ்வளவு சூடு என்று குறிக்க வேண்டும். இதற்காகப் பதினாறு மூங்கில் குச்சிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து நானே நட்டேன். டிசம்பர் 28 முதல் ஆறு சனிக்கிழமை ஒன்றுகூடத் தவறாமல் போனேன். என் அத்தை பாக்கியமேரி, பிள்ளையைப் படிக்க அனுப்பினால் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கிறதே என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். பூசை முடிந்ததும் என்னைப் பார்த்துப் பாதிப் பேர் மூக்கைத் தொட்டுக்கொண்டார்கள்.

3. அனுமதி கேட்காமல் செய்த ஆறு வாரமும் வேலை ஒழுங்காக நடந்தது. வெளித்தேர்வாளர் கேட்பாரே, முறைப்படி ஓர் அனுமதிக் கடிதம் வாங்கி வை என்று எங்கள் பேராசிரியை நசீரா அவர்கள் சொன்னதால், பார்வை ஒன்றில் கண்ட கடிதத்தைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்தேன். குப்பை மேட்டை ஆய்வு செய்ய அனுமதி வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. ஆனால் அன்று திங்கட்கிழமை. அன்று வரும் காகிதம் எல்லாம் புகார் மனு, புகார் மனு எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கப்பட வேண்டும் என்பது அலுவலக வழக்கமாம். என் கடிதமும் அந்தக் கட்டில் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை, "தங்கள் புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது, மனு முடிக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. மறுநாள் தராசோடு போய்ப் பார்த்தால் மேட்டைக் காணோம். பெருக்கி, இரு பக்கமும் பிளீச்சிங் பவுடரால் கோடு போட்டு, சந்து கல்யாண வீடு மாதிரி இருந்தது.

4. அடேயப்பா! அந்தச் சந்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் வீரம்மாள் அக்கா அதே மேட்டுக்காக ஒன்பது வருஷத்தில் பதினொரு மனு கொடுத்தவர். ஒன்றுக்கும் அசையாத மேடு, அதை இருக்க விடுங்கள் என்று நான் கேட்டதும் நாலே நாளில் போய்விட்டது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னாலதாம்மா இன்னிக்கு ஜன்னலத் திறந்தேன் என்று சொல்லி, வேண்டாம் என்றாலும் கேட்காமல் தட்டில் நாலு இட்லி வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அவர் அதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்து இன்னும் இரண்டு வைத்தார். தெருவே மகிழ்ந்துகொண்டிருக்கும்போது என் பன்னிரண்டு வாரம் போச்சே என்று நிற்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

5. அடுத்த திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு வந்து, அங்கே ஒரு மேடு இருந்தது என்றாவது ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டேன். உதவியாளர் நல்லவர். நாற்காலி கொடுத்தார், டீ வரவழைத்தார். செக்கடிச் சந்து போன வருஷமே குப்பையில்லாத் தெரு என்று பட்டியலில் ஏறிவிட்டது, அதனால் அங்கே மேடு இருந்ததாக எழுத வழியில்லை என்றார். அப்படியானால் ஏழாம் தேதி எதை அகற்றினீர்கள் ஐயா என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இல்லாத குப்பையை நாலு லோடு அடித்த சாதனைக்கு என் பாராட்டையும் இங்கே பதிவு செய்கிறேன்.

6. நாலு லோடு என்று எனக்குச் சொன்னவர் வண்டி ஓட்டும் மருதை அண்ணன். அவர் மேல் தயவுசெய்து கோபப்பட வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்னாங்க, குப்பைக் கிடங்குல வண்டி வரிசையா நிக்குது, எடமலைப்பட்டி புதூர்ல காலி மனையில இறக்கச் சொன்னாங்க, இறக்கிட்டேன் பாப்பா என்றார். அடுத்த சனிக்கிழமை அங்கே போனேன். என் மஞ்சள் குச்சிகளில் பதினொன்று குப்பைக்கு நடுவே கிடந்தன. காணாமல் போன ஆட்டுக்குட்டியைக் கண்டது போலச் சந்தோஷப்பட்டேன். பேராசிரியையும் மனம் இரங்கி, தலைப்பை "இடம் மாறிய குப்பை" என்று மாற்றிக்கொள், மீதி ஆறு வாரத்தை அங்கே முடி என்றார். மூன்று வாரம் முடித்தேன். இன்னும் மூன்று சனிக்கிழமை இருக்கின்றன. மார்ச் 28க்குள் ஒப்படைத்தால் பட்டம். இல்லாவிட்டால் அரியர், நவம்பரில் மறுபடி. முதுகலைக்கு ஒரு வருஷம் போய்விடும்.

7. ஆகவே, அந்த மேட்டை இன்னும் மூன்று வாரம் தொடாதீர்கள் என்று கேட்டுத் தங்களுக்கு ஒரு மனு எழுதி, கையெழுத்தும் போட்டு, பையில் வைத்திருந்தேன். இதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

8. நேற்று புதன்கிழமை, குச்சிகளைச் சரிபார்க்க முதல் முறையாக மதிய நேரத்தில் போனேன். சனிக்கிழமைகளில் விடியற்காலையில் வந்து போவதால், பக்கத்தில் உள்ள கட்டடம் என்னவென்றே நான் கவனித்ததில்லை. அது அங்கன்வாடி. இருபத்திரண்டு குழந்தைகள். முட்டை கொடுக்கும் நாள். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது, உள்ளே வெந்து போகிற வெக்கை, அப்படியும் ஈ. ஒரு குழந்தை ஒரு கையால் முட்டையை மூடிக்கொண்டு, மறு கையால் சோறு சாப்பிட்டது. ஒரு மாதமாக இப்படித்தாம்மா என்றார் டீச்சர் ஆலியா. பிறகு, நோட்டும் கையுமாக நிற்கிறீர்களே, எங்களுக்காக ஒரு மனு எழுதித் தர முடியுமா என்று கேட்டார். என் பையில் என்ன மனு இருந்தது என்று அவருக்குத் தெரியாது. மூன்று வருஷம் சுற்றுச்சூழல் படித்தவள், அந்தச் சுவரை மூன்று சனிக்கிழமை பார்த்தும் பார்க்காமல் வந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

9. பழைய மனுவைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக எழுதியதே இது. ஆலியா டீச்சரின் கையெழுத்தும் பதினேழு தாய்மார்களின் கையெழுத்தும் இணைக்கப்பட்டுள்ளன. என் மூன்று சனிக்கிழமைகளுக்காகத் தாங்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

ஆகவே, அந்த மேட்டை நாளையே அகற்றும்படி பணிவுடன் வேண்டுகிறேன். தங்களால் நாலு நாளில் முடியும் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் இந்த முறை "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்பதோடு நிறுத்தாமல், எங்கே இறக்கினீர்கள் என்ற முகவரியையும் பதிலில் எழுத வேண்டும். நவம்பரில் அரியர் எழுத எனக்கு அது தேவைப்படும். அந்த முகவரியில் யாராவது குடியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் ஐயா, அவர்களுக்கும் ஒரு மனு எழுதி வைத்துவிடுகிறேன்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 06.03.2025

தங்கள் பதிலில் முகவரியை எதிர்பார்க்கும்,
அ. பெலிண்டா

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல் – ஒரு தாள்.