கை பொறுக்கும் சூடு

என் வீட்டு மகாராணிக்கு,

இங்கே நலம். அத்தைக்கு மூட்டுவலி குறைந்ததா? பிள்ளைக்குச் சளி விட்டதா?

ஒரு கூத்து நடந்தது, பயப்படாதே. முதலாளி வீட்டு வெந்நீர்த் தொட்டிக்கு, சூடு போதுமானதும் ஹீட்டரைத் தானே அணைக்கும் பெட்டி ஒன்றை நானே சர்க்யூட் போட்டுச் செய்தேன். பட்டறை வேலையும் பார்த்து, இதையும் பார்த்து, இடுப்பு ஒடிந்துவிட்டது. தெர்மாமீட்டர் இல்லை. நீ சொல்வாயே, கை பொறுக்கிற சூடு என்று. அதை நம்பித் தண்ணீரில் கைவிட்டுப் பார்த்து, இதமாக இருந்த இடத்தில், பெட்டியில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகில் கோடு போட்டேன். முதலாளி தொட்டிக்குள் காலை வைத்தார், துள்ளிக் குதித்தார்.

“என்னய்யா, கோழி உரிக்கிற தண்ணியா இது?”

கால் சிவந்ததோடு சரி, கொப்புளம் இல்லை. எனக்கு அது வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நாலு வருடமாக ஈயம் பற்றவைத்த கை, காய்த்துவிட்டது.

இப்போது தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். பிள்ளைக்கு வெந்நீர் விளாவியதும் நீயும் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்து, எத்தனை டிகிரி என்று எழுது. அந்தச் சூட்டுக்கே திருகில் கோட்டை மாற்றிப் போடுகிறேன். கைக்குத் தடவக் கொஞ்சம் விளக்கெண்ணெயும் அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நான் வந்து முதன்முதலாகப் பிள்ளையைக் குளிப்பாட்டும் அன்று, தண்ணீரை நீயே விளாவிக் கொடு. என் கையை நம்பாதே.

உன்னவன்