குப்பை கொட்டும் இடத்தைக் குறித்தவளுக்கு

இன்று காலை கல்லூரிக் காம்பவுண்டுக்குப் பின்னால் யாரோ தெர்மாகோலை எரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி வகுப்பறைக்குள் வந்ததும் உன் ஞாபகம் வந்தது. போன வாரம் உன் இரங்கல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட இப்படி வரவில்லை. கழிவிலிருந்து நகரத்தைக் கட்டச் சொல்லிக்கொடுத்தவள் என்று உன்னைப் புகழ்ந்தார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

ஒரே வகுப்பில் கட்டடக்கலை படித்து, ஒரே கல்லூரியில் ஆசிரியர்களாகச் சேர்ந்தவர்கள் நாம். தொண்ணூறுகளின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது, நகர வடிவமைப்பு மாணவர்களை அங்கே கூட்டிப்போகலாம் என்றது நீதான். அதை மறுக்கமாட்டேன். ஒரு கம்பெனி தூக்கிப் போடுவது இன்னொருவருக்கு மூலப்பொருளாகும்படி ஒரு குடியிருப்பை வரைய வேண்டும். அதுதான் நாம் கொடுத்த பயிற்சி. "எடுத்துக்க ஆள் இல்லாத வரைக்கும்தான் அது குப்பை" என்பாய். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

கன்னியம்மாவை மறந்திருக்கமாட்டாய். நிலத்தில் பாதியை விற்று, வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி, திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டவர். இயந்திரங்கள் வந்து இறங்கிய மரப்பெட்டிகளை வாங்கி அறைகளுக்குக் கதவும் தடுப்பும் போட்டிருந்தார். பையன்கள் குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. நம் மாணவர்கள் அந்த வீட்டை அளந்து வரைந்தார்கள். வெயிலில் நின்றவர்களுக்கு அவர் மோர் கொடுத்தார். நீயும் குடித்தாய்.

அந்த வரைபடங்களை என்னிடம் சொல்லாமல் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்துக்குக் கொடுத்தாய். அந்த நிறுவனம் மூலமாகச் சில கம்பெனிகள் சேர்ந்து கழிவைப் பிரிக்க ஒரு பொது இடம் தேடிக்கொண்டிருந்தன. கன்னியம்மா வீட்டை ஒட்டிச் சும்மா கிடந்த நிலத்தை நீதான் ஒரு படம் வரைந்து குறித்துக்கொடுத்தாய். ஊர்க்கூட்டத்தில் அந்தப் படத்தை மாட்டி, கழிவு எங்கிருந்து எங்கே போகும் என்று பச்சை அம்புகளைக் காட்டி விளக்கினாயே, அப்போதுதான் எனக்கே தெரியும்.

கன்னியம்மா எழுந்து படத்துக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

"இதுல என் வூடு எங்கம்மா கீது?"

"இது வீடுங்களைக் காட்டற படம் இல்லம்மா" என்றாய்.

"அப்போ இன்னாத்தக் காட்டுது?"

"ஊருக்கு வரப்போற வேலையை. நீங்க மரப்பெட்டிய வெச்சுக் கதவு போட்டீங்களே, அதையேதான் பெருசாப் பண்ணப்போறோம்."

அவர் வீட்டைச் சொல்லியே அவர் வாயை அடைத்தாய்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஜனங்க குடியிருக்கிற இடம்டி அது. பின்னாடியே கொண்டுபோய்க் கொட்டலாமா?"

"எங்கயாவது கொட்டித்தானே ஆகணும்? உன்ன மாதிரி கேட்டுக்கினே இருந்தா ஒண்ணும் நடக்காது" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நடந்தது. மரமும் இரும்பும் விலைபோயின. விலைபோகாத தெர்மாகோலையும் பெயின்ட் துடைத்த துணியையும் அங்கேயே எரித்தார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த பையன்களால் பகலில் கண்ணை மூட முடியவில்லை. "மூச்சு முட்டுதுக்கா, வேற ரூம் பாத்துக்கிடுதோம்" என்று ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். கன்னியம்மா வந்த விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு வாலாஜாபாத்தில் மகளோடு போய் இருந்துகொண்டார். அதற்கு முன் ஒருமுறையாவது வந்து பார் என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ வரவில்லை. அந்த வருடம் அந்தப் படத்துக்கு உனக்கு ஒரு பரிசு கிடைத்தது. அதோடு உன்னிடம் பேசுவதை விட்டேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லி அனுப்பினார்கள். நான் வரவில்லை. வருத்தமும் இல்லை.

செத்தவர்கள்மேல் கோபம் வைக்கக் கூடாது என்கிறார்கள். கன்னியம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவர்கள் அதைச் சொல்லட்டும். பேச்சை முடிக்கவிடாமல் அவருக்கு இருமல் வருகிறது.

பாடத்தை நான் விடவில்லை. விட்டால் அது உன்னுடையதாகவே போய்விடும். இந்த வருடம் மாணவர்களை ஒரகடத்துக் கம்பெனிகள் பக்கம் கூட்டிப்போனேன். ஒரு பெண் கேன்டீன் கழிவுக்கு எருக்கிடங்கு ஒன்றைப் படத்தின் ஓரத்தில் அழகாக வரைந்து வந்தாள். பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். போய்ப் பேசிவிட்டு வா என்றேன். மறுவாரம் வந்தவள் கிடங்கை அழித்துவிட்டு, கம்பெனி மதிலுக்கு உள்ளே, மேனேஜர் அறை ஜன்னலுக்கு நேரே அதை வரைந்தாள்.

"இங்க வெச்சாதான் மேடம் ஒழுங்காப் பாத்துப்பாங்க" என்றாள்.

முழு மதிப்பெண் போட்டேன். உன் பெயரை அவளிடம் சொல்லவில்லை.