ஒரே வெப்பத்தில் உருகிய இரண்டு

நாள் 612, 08.10. செவ்வாய்க் கோள், வடமுனை ஆய்வகம்.
எழுதுவது வேலாயுதம், வேதியியலாளன். இங்கே நான் ஒருவன்தான். நான் செய்த இதய மருந்தின் ஒப்பீட்டு மாதிரியை உருக்கிப் பார்த்தேன். தொழிற்சாலை தன் மருந்தை இதோடு ஒப்பிட்டுத்தான் வெளியே விடும். மாசு இருந்தால் பொருள் முன்கூட்டியே உருகத் தொடங்கும்; அதைக் கொண்டு தூய்மையைக் கணக்கிடுகிறேன். என்னுடையது 99.91 சதவீதம்.
அதே மருந்துக்குத் தென்முனை ஆய்வகத்தில் நப்பின்னை செய்த மாதிரி 99.98.

நாள் 613, 21.00.
மறுபடி உருக்கினேன். அதே 99.91. கல்லூரியில் இருவருக்கும் ஒரே மேஜை. அங்கேயும் பாராட்டு அவளுக்கு, குடுவை கழுவுவது நான். வயிறு எரிகிறது, படிப்பவர் படிக்கட்டும். அவளுக்கே இதயக் கோளாறு, இந்த மருந்தைத்தான் தினமும் விழுங்குகிறாள். அதற்காகவே எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்.

நாள் 615, 14.20.
சும்மா இருக்க முடியாமல், சரிபார்க்க அவள் அனுப்பியிருந்த மாதிரியையும் என்னுடையதையும் கலந்து உருக்கினேன். ஒரே பொருள் என்றால் அதே வெப்பத்தில் உருக வேண்டும். முப்பது டிகிரி முன்பே உருகிவிட்டது. அப்படியென்றால் ஒன்று வலக்கை மூலக்கூறு, மற்றது அதன் கண்ணாடிப் பிம்பமான இடக்கை. தனித்தனியே உருக்கினால் வித்தியாசமே தெரியாது. வலக்கை இதயத்தைக் காக்கும். இடக்கை நிறுத்திவிடும்.
மாட்டிக்கொண்டாள். தென்முனை மாதிரி தவறு என்று தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

19.40.
ரேடியோவில் அவள் குரல்: "வேலு, கலந்து பாத்தது நல்ல யோசனைடா. ஆனா எது தப்புன்னு சூடு சொல்லாது. ஒளிய எந்தப் பக்கம் திருப்புதுன்னு பாத்தாத்தான் தெரியும், என் ஒளிமானி ஒடஞ்சு கெடக்கு. உன்னோடதுல ரெண்டையும் வெச்சுப் பாரு. அதுவரைக்கும் ரெண்டையும் நிறுத்தச் சொல்லு."
அரை மணி நேர வேலை. செய்யவில்லை. இவள் என்ன எனக்குப் பாடம் எடுப்பது?

நாள் 619, 07.30.
என் மாதிரியை ஏற்றார்கள். அதோடு ஒத்துப்போகும் புது மருந்தும் வெளியாகிவிட்டது. பாராட்டுச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கூடவே அவளிடமிருந்தும்: "வாழ்த்துக்கள் வேலு. நீ ஒளியில பாத்திருப்பேன்னு நம்பித்தான் இன்னிக்குப் புது மாத்திரைய ஆரம்பிக்கிறேன்."

08.15.
ஒளிமானியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அவளுடையது வலது. என்னுடையது இடது. துடைத்து மறுபடி வைத்தேன். இடது.
முதலில் தோன்றியது இதுதான்: இப்போதும் அவளே ஜெயித்துவிட்டாள்.
பிறகுதான் ரேடியோவை எடுத்தேன்.

08.21.
தென்முனை பதில் இல்லை.

08.26.
இல்லை. தொழிற்சாலைக்கும் சொல்லியாக வேண்டும். முதலில் அவளுக்கு. நப்பின்னை, எடு. எடுத்து என்னைத் திட்டு. நீ செய்ததுதான் சரி, உன்னுடை—