இத்துப்போன மூலை

மார்ச் 12, செவ்வாய்

வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறாராம். ஏப்ரல் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அம்மாவும் அவளோடு வாழும் க்ளென்னும் எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மில்டூராவில் க்ளென்னின் அண்ணன் பெரிய அளவில் வேலி போடும் தொழில் செய்கிறார், க்ளென்னுக்கு அங்கே வேலை உண்டு. எனக்கும் 'ஏதாவது' பார்த்துக்கொள்ளலாம். ஏதாவது!

 வழக்கம்போலத் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

இந்த நோட்டில்தான் வாய் திறக்க முடிகிறது. எழுதிவைக்கிறேன். நான் மில்டூராவுக்குப் போகமாட்டேன்.

மார்ச் 13, புதன்

ஏன் போகமாட்டேன்? என்னையே கேட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர் கெராங் ஒன்றும் சொர்க்கம் இல்லை. வெயில், ஈ, தூசி. ஆனால் பப் சமையலறையில் எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டபோது ஊரே உச்சுக் கொட்டியது. சமையலறையில் யாரும் என்னை எழுந்து நின்று உரக்கப் படிக்கச் சொல்வதில்லை. உருளைக்கிழங்கு சீவத் தொடங்கினேன், இப்போது இனிப்பு வகை முழுவதும் என் பொறுப்பு.

முடிதிருத்தும் கடை வைத்திருக்கிற வில்மா, கடைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறாள். முன்பணம் வேண்டும். என்னிடம் விற்பதற்கு இருப்பது ஒன்றுதான், கொல்லையில் மரத்தடியில் நிற்கிற, காரில் மாட்டி இழுக்கும் பழைய கேரவன். அப்பா மேற்கே சுரங்க வேலைக்குப் போனபோது அம்மா காதுபட "இது டீகனுக்கு" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கொடுத்துவிட்டுப் போன ஒரே பொருள். அதற்காக அதைக் கட்டிக்கொண்டு அழவேண்டுமா என்ன? விற்கப்போகிறேன்.

மார்ச் 14, வியாழன்

சொல்லிவிட்டேன். ஒரே வரி: "கேரவனை நான் வித்துக்கறேன்."

க்ளென் சிரித்தார். "அந்தக் கோழிக்கூண்டையா? எவன் வாங்குவான்? ஈஸ்டர் முடிஞ்சதும் நானே குப்பைமேட்டுக்கு இழுத்துட்டுப் போறேன், டீகி. உனக்குச் சிரமம் வேணாம்."

அறுபது வருடக் கோழிக்கூண்டு. பார்க்கலாம்.

மார்ச் 16, சனி

வேலைக்குப் போகும் முன் டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக உள்ளே போனேன். சமையல் அடுப்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. நீ அங்கேயே இரு, நான் இங்கே இருக்கிறேன் என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

நல்லவை: வளைந்த கூரையின் உட்புறம் அப்படியே இருக்கிறது. அலமாரிகள் எல்லாம் அந்தக் காலத்தவை, யாரும் கை வைக்கவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் சன்னல்கள் திறக்கின்றன.

கெட்டவை: கூரையில் காற்றுக்கு வைத்த திறப்பு ஒழுகியிருக்கிறது. பின்பக்க இடது மூலை, சக்கரத்துக்கு மேலே, பிளைவுட் மட்டுமல்ல, உள்ளிருக்கும் சட்டமும் இத்துப்போயிருக்கிறது. நனைந்த ரொட்டி மாதிரி.

பழைய கேரவன் பிரியர்களின் குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது. மாதக்கணக்காகப் படிக்கிறேன், ஒரு வார்த்தை எழுதியதில்லை. இதைவிட மோசமானவற்றையும் அவர்கள் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

மார்ச் 23, சனி

இப்போது என்ன எழுதுவது.

மதிய வேலை முடிந்து வந்தால் தெருவிலேயே பெயிண்ட் வாசம். கேரவன் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. வேலிக்கு அடித்து மிச்சமான பெயிண்ட். க்ளென்னின் காதெல்லாம் வெள்ளை. ஒவ்வொரு இணைப்பிலும், சன்னல் ஓரத்திலும், கூரையிலும் இடுக்கு அடைக்கிற சிலிகான், பிறந்தநாள் கேக்குக்குப் பூ வைத்ததுபோல. குளியலறைக்கு வாங்கியது நிறைய மிச்சம் இருந்ததாம். இடது மூலை ஓட்டையில் ஒரு குழாய் முழுவதையும் பிதுக்கி அடைத்து, வழித்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார். தெரியவே தெரியாது.

விளம்பரமும் போட்டாகிவிட்டது, அவர் பெயரில். 'முழுசா புதுப்பிச்சது, மாட்டி இழுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.'

"ஒரு நாள் பூரா வெயில்ல நின்னு செஞ்சிருக்கான் உனக்காக. தேங்க்ஸ் சொல்லேன்டி" என்றாள் அம்மா.

சொன்னேன். தேங்க்ஸ் சொன்னேன்! என் நாக்கை நானே கடித்துத் துப்பலாம் போல இருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

சிலிகான் பட்ட இடத்தில் பிறகு பசையும் ஒட்டாது, பெயிண்டும் நாள்பட நிற்காது. பழைய கேரவன்காரர்கள் தீயைவிட அதற்குத்தான் பயப்படுவார்கள். க்ளென்னுக்கு அது தெரியாது. நான் சொல்லியிருந்தால்? எதை, யாரிடம், என்றைக்குச் சொல்லியிருக்கிறேன் நான்?

மார்ச் 29, வெள்ளி

பென்டிகோவிலிருந்து ஒரு குடும்பம் ஞாயிறு வருகிறது. ஈஸ்டருக்கு ஆற்றங்கரையில் கூடாரமடிக்கப் போகிறவர்கள், இந்த மாநிலத்தில் பாதிப் பேரைப் போல. கேட்ட விலை தருகிறார்களாம். க்ளென் சீட்டியடித்துக்கொண்டே இருக்கிறார். வில்மாவின் அறை, அதன் சன்னல், எல்லாம் கண் முன்னால் வருகிறது. சும்மா இருந்தால் போதும். நான் கெட்டிக்காரியாக இருக்கிற ஒரே விஷயம் அதுதானே, சும்மா இருப்பது.

மார்ச் 31, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வந்தவர் பெயர் ஷேன், கூடவே மனைவி, இரண்டு சின்னப் பெண்கள். குழந்தைகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஏறி மேல்படுக்கை யாருக்கு என்று அடித்துக்கொண்டன. அந்த அம்மா சன்னல் அகலத்தைச் சாணால் அளந்தாள், திரை தைக்கவாம். பேச்செல்லாம் க்ளென்தான். நான் துணிக்கொடிக் கம்பத்தோடு ஒட்டி நின்றேன்.

ஷேன் சக்கரத்தைக் காலால் ஓர் உதை உதைத்தார். "நெடுஞ்சாலையில நூறுல போனாத் தாங்குமா, தலைவரே?"

"தாராளமா" என்றார் க்ளென்.

நான் வீட்டுக்குள் போனேன். சமையலறை இழுப்பறையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது என்று எழுதலாம், ஆனால் அது பொய், தெரியும். சொல்ல வாய் வரவில்லை. அதனால் நேராக இடது மூலைக்குப் போய்க் குத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போனது. வெண்ணெயில்கூட அப்படி இறங்காது. வெளியே இழுத்தபோது பெயிண்ட் தோல் கிழிந்து, பழுப்பாகத் தூள் கொட்டியது.

 அந்த அம்மா குழந்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள்.

ஷேன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வேற எங்கெல்லாம்?"

காட்டினேன். குத்திக் குத்திக் காட்டினேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டாமே என்று அந்த அம்மா எரிந்து விழுந்துவிட்டு வண்டியில் ஏறினாள். நியாயம்தான். குழந்தைகள் அழுதுகொண்டே போயின.

க்ளென் முகம் சுட்ட செங்கல் மாதிரி இருந்தது. "என்னைப் பொய்யனாக்கிட்ட."

"பிடிப்பே இல்லாம வெறும் பெயிண்ட்ல தொங்குற மூலை அது" என்றேன். "அந்தக் குழந்தைங்க அதுக்கு மேலதான் படுத்திருக்கும்."

"தாங்கும்னு நெனச்சேன்டி." கத்தவில்லை, அதுதான் என்னவோ போலிருந்தது.

அம்மாதான் கத்தினாள். "உனக்கு வாயே இல்லைன்னு நெனச்சேன். இருக்கு. எங்களை அவமானப்படுத்த மட்டும் திறக்குது."

குழந்தைகளுக்காகச் செய்தேனா? இல்லை, என் பொருளில் கை வைத்தாரே என்ற கோபமா? இரண்டும். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 1, திங்கள்

இன்னும் யாரும் என்னோடு பேசவில்லை. பழகிப்போன மௌனம்தான், இந்த முறை அவர்களுடையது.

ஏப்ரல் 6, சனி

தினமும் வேலை முடிந்து வந்து பட்டித் தகட்டால் சிலிகானைச் சுரண்டுகிறேன். வால் வாலாகக் கழன்று வருகிறது. விரல் நுனியெல்லாம் வெட்டு. பப்பில் சமையற்காரி லொரெய்ன் பார்த்துவிட்டு, பூனையோடு குஸ்தி போடுகிறாயா என்று கேட்டாள்.

க்ளென்னின் விளம்பரத்தை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். அந்தக் குழுவில் என் முதல் வார்த்தைகள் இன்று:

'1959. பிளைவுட். பின் இடது மூலை சட்டத்தோடு இத்துப்போய்விட்டது. கூரைத் திறப்பு ஒழுகும். வேலிப் பெயிண்ட் அடித்திருக்கிறது. சிலிகான் போட்டிருந்தது, முக்கால்வாசி சுரண்டிவிட்டேன், எங்கெல்லாம் என்று படத்தில் பாருங்கள். இழுத்துப் போக முடியாது, ஏற்றிப் போக ட்ரெய்லர் கொண்டுவரவும். உள்ளே எல்லாம் அசல். விலை குறையாது.'

கடைசி வரியை மூன்று முறை அழித்து மூன்று முறை எழுதினேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஒருத்தன் பக்கவாட்டில் பெரிதாக வெட்டித் திறந்து கல்யாணங்களுக்கு மதுக்கடை வண்டியாக்கப் போகிறானாம், எனக்கு வருத்தமாக இருக்குமா என்று கேட்டான். பணம் கொடுத்த பிறகு இரண்டாக வேண்டுமானாலும் வெட்டிக்கொள் என்று எழுதினேன். ஆளைக் காணோம்.

ஏப்ரல் 13, சனி

காசில்மேனிலிருந்து நெரிடா என்ற பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், கால்சட்டை முழுக்கப் பசைக் கறை. பழைய கேரவன்களை வாங்கிச் சரிசெய்து விற்பவள். அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் சுவரெல்லாம் விரலால் தட்டிக்கொண்டே சுற்றினாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பிறகு வாயைத் திறந்தாள்.

"சிலிகான் பட்ட கேரவனுக்கு இந்த விலையா, கண்ணு? பாதி தரேன். அதுவே தருமம்."

தலையாட்டினேன், மாட்டேன் என்று.

"நீதானே எழுதியிருந்த, இத்துப்போச்சு, ஒழுகும், சிலிகான்னு. அப்புறம் என்ன?"

எங்கிருந்து வந்ததோ, வந்தது. "ஆமா, நான்தான் சொன்னேன். சொன்னதுக்காகவே விலையைக் குறைச்சீங்கன்னா அடுத்த ஆளு உங்ககிட்டச் சொல்லவே மாட்டான். பெயிண்ட் அடிச்சு வெச்சிருப்பான்."

வண்டிச் சாவியை எடுத்தாள். "உன்னோட வியாபாரம் பண்றது பல்லைப் பிடுங்கிக்கிற மாதிரி இருக்கு." வண்டியில் ஏறிப் போயே போய்விட்டாள்.

அம்மா சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாதியாவது கிடைத்திருக்கும், முட்டாள் என்றாள். முன்பணத்துக்குப் பாதி பற்றாது. எனக்கு வேண்டியது பாதி அறை இல்லை.

ஏப்ரல் 19, புனித வெள்ளி

நெடுஞ்சாலையில் கேரவன் கேரவனாக ஆற்றுக்குப் போகிறது. என்னுடையது மட்டும் நிற்கிறது. க்ளென் செவ்வாய்க்கிழமை குப்பைமேட்டுக்கு இழுக்கப்போகிறார், வண்டி இரவல் கேட்டாகிவிட்டது. அம்மா என் துணிகளை ஒரு பெட்டியில் மடித்துவைத்திருந்தாள். எல்லாவற்றையும் எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன். பாதிக்கு விட்டிருக்கலாமோ? — இல்லை.

ஏப்ரல் 22, ஈஸ்டர் திங்கள்

நெரிடா தட்டையான ட்ரெய்லரோடு வந்து நின்றாள். காலை வணக்கம்கூட இல்லை.

"முழு விலை. ஆனா கூரையில இன்னும் சிலிகான் மிச்சம் இருக்கு. அதை நீ சுரண்டித் தரணும். நான் தொடமாட்டேன்."

"சரி."

ஏணி போட்டு ஏறினேன். அவள் நிழலில் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து தேநீர் குடித்தபடி 'அந்த ஓரம், அந்த ஓரம்' என்று கை காட்டினாள். வெயில் முதுகைப் பிளந்தது. கடைசித் துண்டைச் சுருட்டி அவள் பக்கம் எறிந்தேன். பொறுக்கிப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

சக்கரங்களில் காற்றே இல்லை. யாரும் கூப்பிடாமலே க்ளென் காற்றடிக்கும் கருவியை எடுத்துவந்தார். நாங்கள் மூவரும் தள்ளி ஏற்றினோம். இடது மூலைக்கு முட்டுக் கொடுத்தவர் அவர்தான். மரத்தூள் தலையில் கொட்டியபோது என்னைப் பார்க்கவில்லை.

ட்ரெய்லர் தெருமுனை திரும்பியதும் அவர் சொன்னார்: "அப்ப நீ வரமாட்ட."

"வரமாட்டேன்."

அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழவில்லை, அழப்போவதும் இல்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

போய்விட்டார்கள். நேற்றே முன்பணம் கட்டி வில்மாவின் அறைச் சாவியை வாங்கிவிட்டேன். அம்மா இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிடிவாதக்காரி என்றாள். வசவு மாதிரிதான் சொன்னாள். முழுவதும் வசவு இல்லை.

மே 11, சனி

பப்பில் மதியக் கூட்டம் ஓய்ந்த நேரம். க்ளென் போன் செய்தார். இதுவரை எனக்கு அவர் போன் செய்ததே இல்லை. அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன்.

"ஒண்ணுமில்ல. என் அண்ணன்கிட்ட ஒரு தகரப் படகு இருக்கு, விக்கணுமாம். விளம்பரம் நீ எழுதித் தரியா? நீ எழுதினா வாங்கறவங்க வர்றாங்க."

"அதுல என்ன கோளாறு?"

"ஒண்ணும் கிடையாது. நல்ல படகு."

"அப்ப நீங்களே எழுதிக்கோங்க."

 மறுமுனையில், பின்னால் அம்மா ஏதோ சொல்வதும் சிரிப்பதும் கேட்டது. நான் போனை வைக்கவில்லை. காத்திருந்தேன்.

"பின்பக்கம் கொஞ்சம் தண்ணி வரும்" என்றார்.

"கொஞ்சம்னா?"

"ஒரு ஆள் ஓட்டணும். ஒரு ஆள் மொண்டு ஊத்திக்கிட்டே இருக்கணும்."

லொரெய்ன் பக்கம் திரும்பிப் பேனா கேட்டேன்.