ஒன்பதாம் கால்வாயின் காற்று

நவம்பர் 11, 2058. காலை 7.10
நீர்க் கண்காணிப்பு நிலையம், ஆழிநகர். பதிவு: குமுதவல்லி.
இருபத்து மூன்று கால்வாய்களிலும் ஆக்சிஜன் போதுமான அளவு. ஒன்பதாம் கால்வாயில் நீர் ஓடாமல் தேங்கும் முட்டுமுனையில் மட்டும் சற்றுக் குறைவு. காற்றூட்டும் பம்பை அரை மணி கூடுதலாக ஓட்டினேன். சேற்றைத் தின்று நீரைத் தெளிவாக வைக்கும் எங்கள் நுண்ணுயிரி நலம். வீடு விற்கும் விளம்பரங்களில் கால்வாய் நீலமாகத் தெரிவது அதன் வேலைதான். அதை ஆய்வகத்தில் உருவாக்கியவர்களில் நானும் ஒருத்தி. கடலில் புயல் சின்னம்.

நவம்பர் 13. மாலை 4.30
நேற்றுப் பிற்பகல் புயல் கரையைக் கடந்தது. மின்சாரம் இல்லை. பம்புகள் நின்றுவிட்டன. சாலைகளில் மார்பளவு நீர். மீட்புப் படகுகள் முதல் கால்வாயிலிருந்து வரிசையாக வருகின்றன.
ஒன்பதின் முட்டுமுனை வீட்டில் என் தங்கை வெண்ணிலா இருக்கிறாள். கணவர் சந்திரகாசன் கப்பலில். பக்கவாதம் வந்த மாமனாரைத் தரைத்தளத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். வாக்கிடாக்கியில் கேட்டாள்:
"அக்கா, பக்கத்து வீட்டுக்காரங்க சொந்தப் படகுல கிளம்புறாங்க. எங்களையும் கூப்பிடுறாங்க. போகட்டுமா?"
"வேணாம்டி. மாமாவ எதுக்கு மழையில நனைக்கணும்? உங்க வீடு உயரம். கதவச் சாத்திட்டு உள்ளயே இரு."

நவம்பர் 14. காலை 9.00
ஒன்பதில் ஆக்சிஜன் பூஜ்யம். ஆக்சிஜன் இல்லாவிட்டால் எங்கள் நுண்ணுயிரி ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவை வெளியிடும். சோதனையில் பார்த்திருக்கிறோம். பம்புகள் ஆறு மணி நேரத்துக்கு மேல் நிற்க வாய்ப்பில்லை என்று எழுதி அனுமதி வாங்கினோம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது.
பம்புகள் நின்று நாற்பது மணி நேரம் ஆகிறது.

காலை 11.20
"அக்கா, முட்டை அழுகின மாதிரி ஒரே வாடை. மாமாவுக்குக் கண்ணெல்லாம் எரியுதாம்."
அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும் என்றேன். மாடிக்குப் போகச் சொன்னேன்.
"மாமாவ நான் ஒருத்தி எப்படிக்கா தூக்குவேன்?"
"நீயாவது போடி."
"அவர விட்டுட்டா?"
மீட்பு மையத்தை அழைத்தேன். "எல்லாப் படகும் மூணாம் கால்வாயில இருக்கு மேடம். ரெண்டு மணி நேரமாவது ஆகும்."
நிலையத்தின் ஒலிபெருக்கிகள் பேட்டரியில் ஓடுபவை. மீட்பு முடியாத எல்லாக் கால்வாய்களுக்கும் சொன்னேன்: மாடிக்குப் போங்கள், தண்ணீரருகே வராதீர்கள். மூன்று முறை சொன்னேன். நீர் மாதிரி எடுக்கும் படகில் மூன்று வாயு முகமூடிகளுடன் கிளம்புகிறேன்.

பகல் 12.25, படகில்
மீன்கள் வயிறு தெரிய மிதக்கின்றன. துடுப்பு போட இடமில்லாத அளவுக்கு.
"அக்கா, பயப்படாத. வாடை சுத்தமா போயிடுச்சு. மாமாவும் தூங்கிட்டார்."
வாடை போகவில்லை. வாயு கூடினால் மூக்குதான் முதலில் மரத்துப்போகும். அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். உடனே மேலே ஓடு என்று கத்தினேன்.
"தலை சுத்துதுக்கா. கொஞ்சம் உக்காந்துட்டு..."
அதன் பிறகு பேச்சில்லை. பொத்தான் எதிலோ அழுந்திக் கிடக்கிறது போல. ஏதோ உரசும் சத்தமும் மாமாவின் மூச்சும் கொஞ்ச நேரம் கேட்டன.

பகல் 1.10
அவள் உட்காரவில்லை.
மாமாவைப் போர்வையில் கிடத்தி இழுத்திருக்கிறாள். கட்டிலிலிருந்து மாடிப்படி வரை தரையில் தடம். மூன்று படி ஏற்றியிருக்கிறாள். போர்வை முனையைக் கையில் சுற்றி நான்காம் படியில் சாய்ந்திருந்தாள். இருவருக்கும் முகமூடி மாட்டினேன். மார்பை அழுத்தினேன். எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை. இருவருக்கும் மூச்சு திரும்பவில்லை.
போர்வையைக் கையிலிருந்து பிரிக்க முடியவில்லை.

மாலை 5.40, நிலையம்
மற்றக் கால்வாய்களில் எல்லோரும் மாடிக்குப் போய்விட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. மீட்பு மையத்தில் நன்றி சொன்னார்கள்.
இதைப் படிப்பவருக்கு: இந்த நுண்ணுயிரியை இன்னொரு கால்வாயில் விடாதீர்கள். அனுமதிக் கோப்பு இரண்டாம் அலமாரியில் இருக்கிறது. என் பெயரை மறைக்க வேண்டாம்.

மாலை 6.05
கப்பலிலிருந்து சந்திரகாசன்:
"அண்ணி, இப்பத்தான் லைன் கிடைச்சுது. வெண்ணிலா எடுக்கல. அப்பாவப் படகுல கூட்டிட்டுப் போகலாமான்னு உங்களக் கேட்டதா நேத்து மெசேஜ் போட்டிருந்தா. நீங்க வேணாம்னீங்களாம். நல்லதாப் போச்சு, மழையில அவரால தாங்க முடியாது. ரெண்டு பேரும் சாப்பிட்டாங்களா?"
லைன் இன்னும் திறந்திருக்கிறது.
"அண்ணி? கேக்குதா?"
கேட்கிறது. பேனாவை வைத்துவிட்டுச் சொல்லப் போகிறேன்.