நாற்றம் நின்ற பிறகு

அக்டோபர் 7, 2024

கொள்கைப் பிரிவு அதிகாரி மகேந்திரன் கூப்பிட்டார். "டாக்டர் நிரஞ்சனா, உங்க அறிக்க நாப்பது பக்கம், யாரு படிப்பா லா? பாஸுக்கு ஒரே பக்கம் போதும்."

ஒரு பக்கத்தில் எதைச் சொல்வது? புக்கிட் பெலண்டோக் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குளத்தைக் கறுப்பு உறையால் மூடி, வாயு பிடித்து, மின்சாரம் எடுக்கிறார்கள். நல்ல திட்டம்தான், நானே அதற்காக வாதாடியவள். ஆனால் உறையில் ஒட்டு விடுகிறது. கசியும் நச்சு வாயு பள்ளத்திலிருக்கும் தொழிலாளர் லயத்து வீடுகளில் போய்த் தங்குகிறது. மேலே மழைநீர் தேங்கினால் உறை கிழிந்துவிடும்; மழை பிடிப்பதற்குள் லயத்து ஆட்களை வெளியேற்ற வேண்டும். இவ்வளவுதான்.

அக்டோபர் 9

அனுப்பிவிட்டேன். "கசிவு அபாயம் மிதமானது முதல் கணிசமானது வரை, மேலும் ஆய்வு தேவை." அடித்துச் சொன்னால் சக ஆய்வாளர்கள் பிய்த்துவிடுவார்கள். இப்படி எழுதியே பழகிவிட்டது.

அக்டோபர் 10

"மேலும் ஆய்வு தேவைன்னா, இப்ப அவசரம் இல்லதானே?" மகேந்திரன் கேட்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். நேரில் வந்து பாருங்கள் என்றேன். வருகிறாராம்.

அக்டோபர் 16

அதிகாரி வருகிறார் என்றதும் எஸ்டேட்டில் வழக்கமான அமர்க்களம். சாலையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு, புதுப் பூந்தொட்டிகள், கூடாரத்தில் சாப்பிட மீ கோரேங். மகேந்திரன் கெட்டவர் இல்லை. தானே லயத்துக்கு நடந்துபோய், முதல் வீட்டுப் புஷ்பவள்ளி அக்காவிடம் கேட்டார்: "நாத்தம் எப்படிக்கா?"

"போன மாசமெல்லாம் அழுகுன முட்ட மாதிரி நாறுச்சுங்க சார். சோறு எறங்காது. இப்ப சுத்தமா இல்ல."

அக்காவுக்குச் சந்தோஷம். அவருக்கும் சந்தோஷம். எனக்கு இல்லை. எஸ்டேட் வாசலில் அந்த நாற்றம் எனக்குக் குமட்டியது. லயத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒன்றுமே தெரியவில்லை. இந்த வாயு கூடினால் மூக்கு மரத்துவிடும்.

திரும்பும்போது காரில் சொன்னேன். எப்படிச் சொன்னேன்? "நுகர்புலன் சோர்வு" என்றேன். கருவி காட்டிய எண்களை ஒப்பித்தேன். அவர் சரி சரி என்று போனைப் பார்த்தார். மூக்கு செத்துப்போச்சு, அடுத்து ஆள் சாவாங்க — இப்படிச் சொல்ல ஏன் எனக்கு வாய் வரவில்லை?

அக்டோபர் 18

கொள்கைப் பிரிவின் குறிப்பு வந்துவிட்டது. "நாற்றம் இல்லை எனக் குடியிருப்பாளர்களே உறுதிப்படுத்தினர். அடுத்த ஆண்டு மறுஆய்வு."

அக்டோபர் 21

மகேந்திரனிடம் இந்தமுறை பச்சையாகச் சொல்லிவிட்டேன். "நீங்க எழுதுனதுல இப்படி இல்லையே டாக்டர்." பிறகு, "பாஸ் சைன் பண்ணிட்டாரு. தீபாவளி கழியட்டும், திரும்பக் கேட்டுப் பாக்குறேன்."

தீபாவளி கழியட்டுமாம்! மழை இவர்களைக் கேட்டுக்கொண்டா வரும்?

அக்டோபர் 22

அக்காவிடமே போனேன். ரந்தாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய்விடுங்கள் என்று கெஞ்சினேன். சிரிக்கிறார். "நாறுனப்பவே இங்கதானே கெடந்தோம், டாக்டரம்மா. இப்ப எதுக்குப் போகணும்? முறுக்கு சுடற வேல கெடக்கு."

அக்டோபர் 29

மழை. விடவே இல்லை.

அக்டோபர் 31, தீபாவளி

காலையில் அக்காவுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள்.

திரும்ப அடித்தேன். பக்கத்து வீட்டு நம்பருக்கும் அடித்தேன். அங்கும் மணி மட்டும் அடித்தது.

நவம்பர் 14

மகேந்திரன் கூப்பிட்டார். "டாக்டர், அந்த நாப்பது பக்கமும் இருக்குதா? பாஸ் முழுசா படிக்கணும்னு கேக்குறாரு."

அனுப்பிவிட்டேன்.

நாளைக்கு அக்காவின் பதினாறாம் நாள் கருமக்கிரியை. ரந்தாவில், தங்கை வீட்டில் வைத்திருக்கிறார்கள்.