கறுப்புக்கு வந்த தண்ணீர்

பிள்ளையார்பாளையம்,
மார்கழி, ஞாயிறு.

அன்புள்ள பிரேம்,

இங்கே எல்லாரும் நலம். போனில் சொன்னால் நான் முடிக்கும் முன்பே சமாதானம் சொல்லிவிடுவாய். அதனால் கடிதம்.

புனேயில் குளிர் அதிகமாமே. இங்கே பனி. காலையில் நம் பொதுச் சாயக் கொட்டகைப் பூட்டைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. இப்போது திறப்பது நான் மட்டும்தான்.

உனக்கு நினைவிருக்கும். ஐந்து சாயப்பட்டறைகளுக்கும் ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். முதலில் மஞ்சள். மிஞ்சிய தண்ணீரில் ஆரஞ்சு, பிறகு சிவப்பு, அரக்கு, கடைசியில் கறுப்பு. ஐந்து முறை கால்வாய்க்குப் போகிற கழிவு ஒரே முறை, அதுவும் சுத்திகரிப்புத் தொட்டிக்கு. நீ சுவரில் சாக்பீஸால் வரைந்து காட்டினாய். எல்லாரும் தலையாட்டினார்கள்.

கறுப்பு மட்டும் யாருக்கும் வேண்டாம். கல்யாண வீட்டுக்குப் போகாத நிறம். நீ என்னைப் பார்த்தாய். எங்கள் வீடு எடுத்துக்கொள்ளும் என்றேன். என் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மற்ற நான்கு நிறங்களும் வாரத்துக்கு வாரம் வீடு மாறும் என்று முடிவாயிற்று.

ஐப்பசி முழுக்க நடந்தது. நீ கிளம்பிய பிறகும் நடந்தது. என் முறைக்கு வரும்போது தண்ணீர் கலங்கி, அரக்காகி, கையை விட்டால் விரல் தெரியாது. எனக்கு முன்னால் நான்கு வீடுகள் வந்து போயிருக்கின்றன என்று அர்த்தம். கொட்டகையில் ஆள் இல்லாவிட்டாலும் தனியாக இருப்பதாகத் தோன்றியதில்லை.

கார்த்திகையில் உன் அப்பாவுக்கு ஒரு கல்யாண ஆர்டர். மஞ்சள். அந்த வாரம் அவர் முறை அரக்கு. "ஒரு நாளைக்குத்தாம்மா, வூட்டுத் தொட்டியிலயே போட்டுக்கிறேன்" என்றார். உன் அப்பாவிடம் நான் என்ன சொல்ல.

மறுநாள் யேசுதாஸ் அண்ணன் வரவில்லை. "மாணிக்கவேலு வூட்ல போட்டுக்கினா, நாங்க மட்டும் இன்னா இளிச்சவாயா?" அடுத்து வடிவு அக்கா. கலியன் போன வாரம் வரை வந்தார். போகும்போது கேட்டார்: "புள்ள பொனாவுக்குப் போயிட்டான், அப்பன் வூட்டுக்குள்ள போயிட்டாரு. நீ யாருக்கும்மா தொட்டியக் காவல் காத்துக்கினு இருக்கிற?"

மறுநாளும் பூட்டைத் திறந்தேன்.

இன்று தொட்டியை நானே நிரப்பினேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் சிமெண்டுப் பூச்சு தெரிந்தது. குனிந்தால் என் முகம். வாசலோடு போன வடிவு அக்கா எட்டிப் பார்த்து, "யோகந்தான் போ, கறுப்புக்குப் போயி இவ்ளோ நல்ல தண்ணி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சாயப்பொடியைக் கொட்டச் சற்று நேரமாயிற்று.

பின்னால் கால்வாயில் மஞ்சள் ஓடிக்கொண்டிருந்தது. யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. அந்த மஞ்சள் உன் அப்பாவுக்கு மட்டும்தான் வரும். சாக்கடையில்கூட அழகாக இருந்தது.

தை பிறந்ததும், கொட்டகையைத் தந்த கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பார்க்க வருவார்கள். ஐந்து வீடுகளும் இருந்தால் கொட்டகை நமக்கு. இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். உன் அப்பா திரும்பினால் மற்றவர்களும் வருவார்கள். அவரைப் பார்த்துத்தான் போனார்கள்.

நீ திரும்பி வா என்று எழுதவில்லை. வேலை முக்கியம், எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஒரு போன் போடு. கொட்டகையைப் பற்றிப் பேசாதே, என் பெயரையும் எடுக்காதே. இன்று என்ன நிறம் போட்டீர்கள் என்று மட்டும் கேள். நீ போன பிறகு அவரிடம் அதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

நாளையும் திறந்து வைப்பேன். கலங்கிய தண்ணீர் வர வேண்டும், பிரேம். வேறொன்றும் கேட்கவில்லை.

ஸ்வெட்டர் போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நன்றாக இரு.

அன்புடன்,
கறுப்பு வீட்டு அபிநயா